தென்கரைத் திருச்சபைகளில் விசுவாசமும் நற்கிரியையும்

மனிதன் கடைத்தேறுவது இறைவனுடைய அருளாலா, தான் செய்யும் நற்செயல்களாலா என்ற வினா, ஐரோப்பியப் போதகர்கள் கப்பலேறி வருவதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே தாமிரபரணிக் கரையில் தமிழிலேயே ஆராயப்பட்டு வந்தது. ஆற்றின் தென்கரையில், திருக்குருகூர் என்று பழம்பெயர் கொண்ட ஆழ்வார்திருநகரி நம்மாழ்வார் அவதரித்த தலம். அதே ஊரில் 1370ஆம் ஆண்டு பிறந்த மணவாள மாமுனிகள், பிள்ளை லோகாசாரியரின் ஸ்ரீவசன பூஷணத்துக்கு உரை எழுதி, தென்கலை வைணவர் தம் நெறிக்கு ஆதாரமாகக் கொள்ளும் கொள்கையை விரிவாக நிலைநாட்டினார். இறைவன் காட்டும் கருணைக்கு மனிதனிடத்தில் ஒரு காரணமும் தேவையில்லை என்பது அக்கொள்கை. அதனை நிர்ஹேதுக கிருபை, அதாவது ஏதுவின்றி வரும் அருள், என்று அவர்கள் குறித்தனர். வேதாந்த தேசிகர் வழிவந்த வடகலையாரோ, அருள் வந்து பொருந்துவதற்கு மனிதன் பக்கத்தில் சிறியதொரு முகாந்திரமாவது, அவர்கள் சொல்லில் ஒரு வியாஜம், வேண்டும் என்றனர். தாயின் வயிற்றைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டியை வடகலைக் கொள்கைக்கும், தாய் கவ்விச் செல்லத் தன்னை விட்டுக்கொடுக்கும் பூனைக்குட்டியைத் தென்கலைக் கொள்கைக்கும் உவமையாகக் காட்டுவது வைணவ மரபில் வழக்கமாயிற்று.

இவ்விரு சாராருமே நற்செயலை ஒதுக்கியவர் அல்லர் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். இறைவனுக்கும் அவன் அடியார்க்கும் செய்யும் தொண்டாகிய கைங்கரியம் தென்கலையார் வாழ்வின் மையத்தில் நின்றது. ஆனால் அத்தொண்டு வீடுபேற்றை ஈட்டித்தரும் உபாயமாக, அதாவது வழிமுறையாக, எண்ணப்படாமல், ஏற்றுக்கொள்ளப்பட்ட ஒருவன் தன் மகிழ்ச்சியால் செய்வதாகவே எண்ணப்பட்டது. ஆகவே வழக்கு செயல் வேண்டுமா வேண்டாமா என்பதைப் பற்றி எழவில்லை. செயல் அருளுக்கு முன்னே நிற்பதா பின்னே நிற்பதா என்பதைப் பற்றியே எழுந்தது. கிறிஸ்தவத்தின் உள்ளே நடந்த நெடிய சண்டையும் ஏறத்தாழ இதே இடத்தில்தான் முடிச்சிட்டுக் கிடந்தது. ஜெர்மானியச் சமய அறிஞர் ருடால்ஃப் ஓட்டோ, இந்தியாவின் அருள்நெறியையும் கிறிஸ்தவத்தையும் ஒப்பிட்டு 1930இல் வெளிவந்த தம் நூலில், வைணவரின் இந்த இரு பிரிவுகளையும் கிறிஸ்தவச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தரின் போதனைக்கு அருகில் வைத்து ஆராய்ந்ததற்குக் காரணம் அதுவே. ஒன்று மற்றொன்றிலிருந்து கடன் வாங்கியதற்குச் சான்று இல்லை. இருவேறு மரபுகள் ஒரே வினாவைத் தாமாகவே வந்தடைந்தன என்பதுதான் கவனத்துக்குரியது.

கிறிஸ்தவ மறையில் இவ்வினாவின் வேர் புதிய ஏற்பாட்டிலேயே இருக்கிறது. பவுல் அப்போஸ்தலர் ரோமருக்கும் கலாத்தியருக்கும் எழுதிய நிருபங்களில், நியாயப்பிரமாணத்தின் கிரியைகளால், அதாவது மோசேயின் சட்டம் விதித்த செயல்களால், ஒருவனும் கடவுள் முன்பு நீதிமானாக எண்ணப்படுவதில்லை என்றும், கிறிஸ்துவின்மேல் வைக்கும் விசுவாசத்தாலேயே அது கைகூடும் என்றும் வாதிட்டார். யாக்கோபின் நிருபமோ, செயலில் வெளிப்படாத விசுவாசம் உயிரற்றது என்று கூறி, உடையும் உணவும் இல்லாதவனை வாழ்த்தி வெறுங்கையோடு அனுப்புபவனை எடுத்துக்காட்டாக நிறுத்தியது. 1517இல் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தர் பவுலின் பக்கத்தை அவ்வளவு உறுதியாகப் பற்றியதால், யாக்கோபின் நிருபத்தை வைக்கோல் என்று தாழ்த்திப் பேசவும் தயங்கவில்லை. 1547இல் திரெந்து சங்கம், அதாவது கத்தோலிக்கத் திருச்சபையின் பொதுச்சங்கம், விசுவாசம் மட்டுமே போதும் என்ற கூற்றை மறுத்து, அருளோடு மனிதன் ஒத்துழைப்பதும் வேண்டும் என்று தீர்மானித்தது. இங்கிலாந்துத் திருச்சபையின் முப்பத்தொன்பது சமயக் கோட்பாடுகளில் 11ஆவது, விசுவாசத்தால் மட்டுமே மனிதன் நீதிமானாக்கப்படுகிறான் என்றும், 12ஆவது, நற்கிரியைகள் அந்த விசுவாசத்தின் கனிகளாகப் பின்தொடர்கின்றன என்றும் வகுத்தன. திருநெல்வேலிச் சீமையில் பிற்காலத்தில் வேரூன்றிய சபைகளில் பெரும்பாலானவை இக்கோட்பாடுகளின்கீழ் வளர்ந்தவை.

இந்தச் சச்சரவு தமிழுக்குள் நுழைந்தது தரங்கம்பாடி வழியாக. 1706இல் அங்கு வந்திறங்கிய லூத்தரன் போதகர் சீகன்பால்கும் அவருக்குப் பின்வந்தவர்களும் லூத்தரின் கொள்கையைத் தமிழில் அச்சிட்டுப் பரப்பினர். திருநெல்வேலிச் சீமையின் காமநாயக்கன்பட்டியில் சிறிதுகாலம் பணிசெய்த இயேசு சபைத் துறவி வீரமாமுனிவர், வேதவிளக்கம், பேதகமறுத்தல், லுத்தேரினத்தியல்பு ஆகிய உரைநடை நூல்களில் அவர்களை எதிர்த்தார். தமிழ் உரைநடை வளர்ந்த வரலாற்றில் இந்நூல்களுக்குத் தனியிடம் உண்டு. ஆயினும் ஐரோப்பாவில் தீராத ஒரு வழக்கின் கசப்பு, அதனால் பாதிக்கப்படாத ஒரு மண்ணில் முழு வேகத்துடன் கொட்டப்பட்டது என்பதையும் மறைக்க இயலாது.

தரங்கம்பாடியார் கொண்டுவந்தது வெறும் லூத்தரின் கோட்பாடு அன்று. ஜெர்மனியின் ஹாலே நகரத்துப் பக்தி இயக்கத்தின் வழியே வடிகட்டப்பட்ட கோட்பாடு. அவ்வியக்கத்தை நடத்திய ஆகஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே, வாயால் அறிக்கையிடும் விசுவாசம் வாழ்க்கையில் தெரியவேண்டும் என்று வற்புறுத்தி, ஹாலேயில் பெரியதோர் அநாதை இல்லத்தையும் அதைச் சுற்றிப் பள்ளிகளையும் மருந்தகத்தையும் அச்சகத்தையும் நிறுவினார். ஆலயத்தோடு பள்ளி, பள்ளியோடு ஆதரவற்ற பிள்ளைகளுக்கான விடுதி என்று தாமிரபரணிப் பகுதியில் இன்றும் காணப்படும் அமைப்பின் முன்மாதிரி அங்கேதான் இருக்கிறது. அம்மரபில் வந்த சுவார்ட்ஸ் ஐயர் 1778இல் பாளையங்கோட்டையில் குளோரிந்தா என்ற பிராமணக் கைம்பெண்ணுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். ஓர் ஆங்கிலேயப் படையதிகாரியோடு மணமின்றி அவர் வாழ்ந்துவந்த காலத்தில் அவருடைய வேண்டுகோளை ஏற்க மறுத்த சுவார்ட்ஸ், அந்த அதிகாரி இறந்த பின்னரே இசைந்தார். விசுவாசமே போதும் என்று கற்பித்தவர்களும் நடைமுறையில் வாழ்க்கையைச் சோதித்தே வாயிலைத் திறந்தனர் என்பதற்கு இது இப்பகுதியின் முதற் சான்று. குளோரிந்தாவின் முயற்சியால் 1785இல் கட்டி முடிக்கப்பட்ட ஆலயத்தை ஊரார் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றும், அவர் வெட்டுவித்த கிணற்றைப் பாப்பாத்தியம்மாள் கிணறு என்றும் வழங்கினர். புதிய சமயத்தில் சேர்ந்த இப்பெண்மணியின் நற்கிரியை, அம்மண்ணில் என்றென்றும் போற்றப்பட்ட பழைய அறமாகிய தண்ணீர் தருமமாகவே அமைந்தது.

இதற்குப்பின் நடந்தவற்றை விளங்கிக்கொள்ள நிலத்தின் இயல்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆழ்வார்திருநகரி, ஸ்ரீவைகுண்டம் முதலிய நவதிருப்பதித் தலங்கள் ஆற்றுப்பாசனம் பெற்ற நெல்வயல்களின் நடுவே அமைந்தவை. கோயில், அக்கிரகாரம், வேளாளர் குடியிருப்பு, அவற்றைத் தாங்கிநின்ற கூலியுழைப்பு என்று அடுக்கடுக்கான பழைய சமூகம் அங்கே இருந்தது. திருச்செந்தூர் ரயில் பாதையில் ஆழ்வார்திருநகரிக்கு அடுத்த நிலையமாகிய நாசரேத்தை நெருங்கும்போதே நிலம் மாறத் தொடங்கிவிடும். அங்கிருந்து தெற்கே செல்லச் செல்ல, தேரி என்று மக்கள் சொல்லும் செம்மணல் மேடுகளும் பனங்காடுகளுமே கண்ணுக்குத் தெரியும். பதனீர் இறக்கிக் கருப்பட்டி காய்ச்சி வாழ்ந்த பனையேறிகள் அங்கே நிலவுடைமையாளரின் அதிகாரத்துக்குக் கட்டுப்பட்டிருந்தனர். பல கோயில்களில் அவர்களுக்கு நுழைவுரிமை இருக்கவில்லை. புதிய சமயம் பெருமளவில் பரவியது இந்தத் தேரிப் பகுதியில்தான். சேர்ந்தவர்களை நிலக்கிழார்கள் அடித்துத் துரத்தியபோது அவர்களைக் குடியேற்ற 1799இல் தனியாக ஒரு நிலம் வாங்கப்பட்டு, கிறிஸ்தவர்களுக்கென்று ஏற்பட்ட முதல் ஊராதலால் முதலூர் என்று பெயரிடப்பட்டது. அதனையொட்டிய ஆண்டுகளிலேயே நாசரேத்தும் தோன்றியது. ஆக, இவ்வட்டாரத்தில் விசுவாசம் என்பது தொடக்கத்திலேயே குடியிருக்க ஓரிடம் என்ற நடைமுறைத் தேவையோடு பிணைந்துவிட்டது.

இத்தேவையை அமைப்பாக்கியவர் ரேனியஸ் ஐயர். பாளையங்கோட்டையில் முன்பு பணிசெய்து மறைந்த யேனிக்கே என்பவரின் சகோதரர் பெர்லினில் நடத்திய மிஷனரிப் பள்ளியில் பயின்று, சி.எம்.எஸ். எனப்படும் சர்ச் மிஷனரி சங்கத்தின் சார்பில் 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த அவர், லூத்தரின் வழியில் விசுவாசத்தையே முதன்மையாகப் போதித்தவர். அவர் 1830இல் தோற்றுவித்த தர்ம சங்கம், துன்புறுத்தப்பட்ட கிறிஸ்தவர்களுக்கு நிலம் வாங்கிக் குடியிருப்புகளும் ஆலயங்களும் பள்ளிகளும் அமைத்துக் கொடுப்பதற்காக ஏற்பட்டது. அதற்குப் பணம் சபை மக்களிடமிருந்தே திரட்டப்பட்டது என்பதுதான் இங்கே மிகவும் சிந்திக்கத்தக்க செய்தி. நேற்றுவரை அடுத்தவன் நிலத்தில் அடங்கி வாழ்ந்தவர்கள், இன்னொருவனுக்கு நிலம் வாங்கித்தரச் சந்தா செலுத்தும் உறுப்பினரானார்கள். இரக்கத்தைப் பெறுகிறவர் என்ற நிலையிலிருந்து கொடுக்கிறவர் என்ற நிலைக்கு அவர்கள் சில ஆண்டுகளிலேயே வந்தது, ரேனியஸ் எழுதிய எந்த நூலைக்காட்டிலும் பெரிய சாதனை. இங்கிலாந்துத் திருச்சபையின் நடைமுறைகளைக் குறைகூறி எழுதியதால் 1835இல் அவருக்கும் சர்ச் மிஷனரி சங்கத்துக்குமான தொடர்பு அறுந்தது. 1838இல் அவர் மறைந்தார். அவர் விட்டுச்சென்ற சங்கங்கள் சபைகளின் வழக்கமாகவே நிலைத்துவிட்டன.

அருளைப் போதித்தவர்கள் மக்களை எப்படி நடத்தினார்கள் என்ற கேள்வி 19ஆம் நூற்றாண்டின் நடுவில் நாசரேத்தில் வெடித்தது. அருமைநாயகம் என்ற இயற்பெயருடைய சட்டாம்பிள்ளை, எஸ்.பி.ஜி. என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட நற்செய்தி பரப்பும் சங்கத்தில் உபதேசியாராக, அதாவது சபை ஊழியராக, இருந்தவர். அங்கிருந்த மிஷனரியோடு முரண்பட்டு வேலையிழந்தார். 1849இல் அதே சங்கத்து மிஷனரி கால்டுவெல் ஐயர் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூல் பனையேறி மக்களை இழிவாகச் சித்திரித்தது அவருடைய சினத்தை மேலும் மூட்டியது. 1857ஆம் ஆண்டளவில் அவர் நாசரேத்தை அடுத்த பிரகாசபுரத்தில் இந்து கிறிஸ்தவ சபை என்றும் ஏக இரட்சகர் சபை என்றும் அறியப்பட்ட தனிச்சபையைத் தோற்றுவித்தார். பழைய ஏற்பாட்டின் சட்டங்கள் கிறிஸ்தவரையும் கட்டுப்படுத்தும் என்று கற்பித்த அச்சபை, சனிக்கிழமையை ஓய்வுநாளாகக் கொண்டது. தூபமிடுதல், எக்காளம் ஊதுதல், தூய்மை பற்றிய விதிகள் ஆகியவற்றைக் கடைப்பிடித்தது. தரையில் விழுந்து வணங்கியது.

மிஷனரிகளின் பார்வையில் இது பவுல் கண்டித்த அதே கிரியை மார்க்கத்துக்குத் திரும்புவதாகவே தெரிந்தது. ஆனால் சட்டாம்பிள்ளையைப் பின்பற்றியவர்களுக்கு அது வேறொன்றாக இருந்தது. அருளாலேயே எல்லாரும் சமம் என்று சொன்ன ஐரோப்பியர், சபையின் நிர்வாகத்தையும் சம்பளத்தையும் தம் கையில் வைத்துக்கொண்டு, சேர்ந்த மக்களை ஒழுக்கத்திலும் அறிவிலும் தாழ்ந்தவராக எழுதிவந்தபோது, வேதத்திலேயே எழுதப்பட்ட விதிகளைத் தாமே வாசித்துத் தாமே கடைப்பிடிப்பது அவர்களுக்கு மானத்தை மீட்கும் வழியாயிற்று. இறையியல் தராசில் எந்தப் பக்கம் சரி என்று தீர்ப்பதைவிட, இலவசமான அருளைப் பற்றிய போதனை, அதைப் போதிப்பவர் மேடையில் நின்று கீழே பார்த்துப் பேசும்போது நம்பத்தகாததாகிவிடுகிறது என்பதைத்தான் பிரகாசபுரத்து வரலாறு வலியுடன் காட்டுகிறது. அச்சபை சிறிதானாலும் அதன் நிறுவனர் 1918 வரை வாழ்ந்தார்.

இந்த வழக்கின் மிகக் கடுமையான சோதனை 1876இல் தொடங்கி 1878 வரை நீடித்த பெரும் பஞ்சம். சென்னை மாகாணத்தில் இலட்சக்கணக்கானோர் மாண்ட அப்பஞ்சத்தில், அரசு தன் நிவாரணப் பணிகளில் கூலியைக் கூட்டுவதற்கு மாறாகக் குறைத்தது. அரசு அதிகாரி சர் ரிச்சர்ட் டெம்பிள் வகுத்த அளவின்படி, நாள் முழுவதும் உழைத்த ஆண்மகனுக்குக் கிடைத்தது ஒரு பவுண்டு தானியமும் சிறு காசும்தான். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு 1873இல் முடிந்திருந்தமையால் ஆற்றுப்பாசன ஊர்களுக்கு ஓரளவு காப்பு இருந்தது. வடகிழக்குப் பருவமழையையே நம்பிய வறண்ட நிலங்கள் தாங்கவில்லை. அந்நாட்களில் மிஷன் பங்களாக்களின் வாசலில் கஞ்சித்தொட்டிகள் திறக்கப்பட்டன. 1877 ஜூலை முதல் 1878 ஜூன் வரையிலான ஒரே ஆண்டில், எஸ்.பி.ஜி. பகுதியில் மட்டும் 16,000 பேருக்கு மேல் கிறிஸ்தவப் போதனையை ஏற்க முன்வந்தனர், சி.எம்.எஸ். பகுதியிலும் ஆயிரக்கணக்கில் வந்தனர்.

வந்தவர்களை நோக்கி எழுந்த ஏளனச் சொல் அரிசிக் கிறிஸ்தவர் என்பது. அது வெளியாரிடமிருந்து மட்டும் வரவில்லை. வயிற்றுக்காக வந்தவர்களின் விசுவாசம் விசுவாசமாகுமா என்ற ஐயம் மிஷன் வட்டாரங்களின் உள்ளேயும் இருந்தது. அந்த ஐயத்தைக் கூர்ந்து நோக்கினால் அதன் உள்முரண் புலப்படும். தகுதியில்லாதவனுக்கே அருள் வருகிறது என்று அறிக்கையிட்ட ஒரு மார்க்கம், பட்டினி கிடந்தவன் தன் வாசலுக்கு வந்தபோது மட்டும், உன் நோக்கம் தூயதா என்று தகுதிச் சீட்டுக் கேட்டது. பசித்தவனிடம் தூய நோக்கத்தை முன்கூட்டியே எதிர்பார்ப்பது, கிரியையை அருளுக்கு முன்னே நிறுத்துவதன் மற்றொரு வடிவமே. 1877இல் ஆயராக அபிஷேகம் பெற்றிருந்த கால்டுவெல் இவ்விடத்தில் எடுத்த நிலை குறிப்பிடத்தக்கது. வருகிறவர்கள் உயர்ந்த நோக்கங்களோடு வருவார்கள் என்று நாட்டுப்புறத்தில் வாழ்ந்து உழைத்த எவரும் எதிர்பார்க்க முடியாது என்றும், கிறிஸ்தவராகிப் போதனை பெற்று வளர்ந்த பிறகே அவர்களின் நோக்கங்கள் உயரும் என்றும் அவர் வெளிப்படையாக வாதிட்டார். 1849இல் அவர் எழுதியவற்றில் இருந்த மேலாதிக்கத் தொனி இக்கூற்றிலும் முற்றிலும் மறையவில்லை என்பது உண்மையே. ஆயினும், ஏற்றுக்கொள்ளுதல் முதலில், மாற்றம் பிறகு என்ற வரிசையை அவர் சரியாகவே பற்றியிருந்தார்.

அப்பஞ்சம் நாசரேத்தில் விட்டுச்சென்ற தடம் இன்றும் மறையவில்லை. 1870இல் மருத்துவர் ஸ்டிராக்கன் ஐயர் தொடங்கியிருந்த மருத்துவமனைக்கு 1876இல் பொறுப்பேற்க வந்த ஆர்தர் மர்காஷிஸ், பஞ்சத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு விடுதி அமைத்தார். உணவளித்தால் மட்டும் போதாது என்று கண்டு, 1878இல் தச்சு, கொல்லு, தையல், நெசவு போன்ற தொழில்களைக் கற்பிக்கும் தொழிற்பள்ளியை ஏற்படுத்தினார். சாதித்தொழிலுக்கு வெளியே ஒரு பிள்ளை கைத்தொழில் கற்பது அரிதாயிருந்த காலத்தில் இது சிறிய செயல் அன்று. 1908இல் அவ்வூரிலேயே மறையும்வரை முப்பது ஆண்டுகளுக்கு மேல் அவர் அங்கே உழைத்தார். மக்கள் அவரை நாசரேத்தின் தந்தை என்று அழைத்தனர். அவர் பெயரைத் தாங்கிய பள்ளியும் கல்லூரியும் அங்கே உள்ளன.

ஆற்றங்கரை வைணவத்தையும் இப்புதிய நெறியையும் தம் ஒருவர் வாழ்வில் இணைத்துக் காட்டியவர் எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை. வைணவ வேளாளர் குடும்பத்தில் 1827இல் பிறந்து, கம்பனையும் ஆழ்வார்களையும் ஊன்றிக் கற்று, சாயர்புரத்து மிஷன் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்த அவர், 1858இல் ஞானஸ்நானம் பெற்றார். 1894இல் வெளிவந்த அவருடைய இரட்சணிய யாத்திரிகம், ஜான் பன்யனின் ஆங்கிலக் கதையைத் தழுவிய காப்பியமாயினும், தன்னால் ஒன்றும் ஆகாது என்று இறைவன் அடியில் விழுகின்ற அதன் உள்ளம் திருக்குருகூர்ப் பக்தி மரபில் பழகிய உள்ளம். தகுதியின்மையை அறிக்கையிட்டுச் சரணடைதல் என்பதைக் கிறிஸ்தவத் தமிழுக்குள் அந்நியமாகத் தோன்றாதபடி கொண்டுவந்தவர் அவரே. பாளையங்கோட்டையில் 1891இல் பிறந்து பின்னர் ஆயரான ஏ.ஜே. அப்பாசாமி, கிறிஸ்தவத்தைப் பக்தி மார்க்கமாகவே விளக்கி 1927இல் நூல் எழுதியபோது இத்தடத்தையே அறிஞர் மொழியில் தொடர்ந்தார்.

இதற்கிடையில் சபைகளின் அன்றாட வாழ்வில் கொடுக்கும் வழக்கம் ஆழமாக ஊன்றியிருந்தது. சமைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை ஒதுக்கிவைத்துப் பெண்கள் ஆலயத்துக்குக் கொண்டுவந்த கைப்பிடி அரிசிக் காணிக்கை, ஆலயப் பண்டிகைகளில் ஊர் கூடி உண்ணும் அசனம், வருமானத்தில் பத்திலொரு பங்கை ஒதுக்கும் தசமபாகம் ஆகியவை எந்த மிஷனரிச் சங்கத்தின் கட்டளையையும்விட மக்கள் கையாலேயே வளர்ந்தன. அரிசிக் கிறிஸ்தவர் என்று இகழப்பட்ட ஒரு சமூகம் அரிசியைக் கொண்டே தன் சபையைத் தாங்கத் தொடங்கிய இந்தத் திருப்பத்துக்குத் தமிழகச் சமூக வரலாறு இதுவரை கொடுத்திருக்கும் கவனம் போதாது. மெஞ்ஞானபுரத்துக்கு அருகிலுள்ள வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வி.எஸ். அசரியா, யாழ்ப்பாணத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் தம் சொந்தப் பணத்தில் தொண்டிக்கு ஊழியர்களை அனுப்பியதைக் கண்டு ஊக்கம் பெற்று, 1903 பிப்ரவரி 12 அன்று பாளையங்கோட்டையில் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கத்தைத் தோழர்களோடு தொடங்கினார். இந்தியரின் பணம், இந்திய ஊழியர், இந்தியரின் நிர்வாகம் என்பதே அதன் அடிப்படை. மறு ஆண்டே சாமுவேல் பாக்கியநாதன் தெலுங்கு நாட்டின் தோர்ணக்கல் பகுதிக்கு அனுப்பப்பட்டார். 1912இல் அசரியா அங்கேயே ஆங்கிலிக்கத் திருச்சபையின் முதல் இந்திய ஆயரானார்.

அதற்கு ஈராண்டு முன்பு, 1910இல், எடின்பரோவில் கூடிய உலக மிஷனரி மாநாட்டில் அசரியா ஆற்றிய உரை, இவ்வரலாற்றில் எஞ்சியிருந்த ஒரு முடிச்சைத் தொட்டது. உடைமைகளை ஏழைகளுக்குப் பகிர்ந்தளித்தாலும், உடலையே எரிக்கக் கொடுத்தாலும், அன்பில்லையேல் பயனில்லை என்ற பவுலின் போதனையை நினைவூட்டி, ஐரோப்பிய மிஷனரிகளின் தியாகத்துக்கு இந்தியத் திருச்சபை நன்றியுடையது என்று ஒப்புக்கொண்ட அவர், தம் மக்கள் இன்னும் பெறாதது அவர்களுடைய நட்பு என்று அந்த அவையிலேயே சொன்னார். ஒரே மேசையில் அமர்ந்து உண்ணாத, வீட்டுக்குள் அழைக்காத நற்கிரியையைப் பற்றியே அவர் பேசினார். சட்டாம்பிள்ளை அரை நூற்றாண்டு முன்பு வெளியேறியதற்குப் பின்னால் இருந்த அதே மனக்காயத்தை, அவரைவிட மென்மையாக, ஆனால் அந்தப் பிழைக்குப் பொறுப்பானவர்களின் முகத்துக்கு நேரே எடுத்துரைத்தார். கேட்டவர்களில் சிலர் வருந்தினர், சிலர் சினந்தனர். பிற்காலத்தில் கிறிஸ்தவர் கொடுக்கவேண்டிய முறையைப் பற்றி ஆங்கிலத்தில் நூல் ஒன்று எழுதிய அவர், தோர்ணக்கல்லில் நிலமற்ற கூலிகளாயிருந்த மாலா, மாதிகா மக்களைக் காணிக்கை படைப்பதிலிருந்து ஏழைமையின் பெயரால் விலக்கி வைக்கவில்லை. திருநெல்வேலித் தாய்மார் செய்ததைப் போலவே அவர்களும் ஒவ்வொரு வேளை உணவிலிருந்தும் ஒரு பிடி தானியம் எடுத்துவைக்கப் பழகினர்.